மேடம் தேடி நடந்த பூச்சி

சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த மேடம், கைப்பையிலிருந்து ஒரு செல்போனை எடுத்து என் மேசைமேல் வைத்த மதியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அது அவருடைய போன் அல்ல. திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. பின்பக்கத்தில் பச்சை வெட்டுக்கிளிப் படம் ஒன்று ஒட்டியிருந்தது, அதன் ஒரு கால் உரிந்து போயிருந்தது. "இதுல இருக்கிற விளையாட்டு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். ஒன்பது வருடங்கள் அவர் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர். நான் தட்டச்சர். அதிகம் பேசமாட்டார். நான் அடித்துக் கொடுக்கும் கடிதத்தில் பிழை இருந்தால் பென்சிலால் அதன்கீழ் ஒரு கோடு மட்டும் போட்டுத் திருப்பித் தருவார். கணவர் வெகுகாலம் முன்பே தவறிவிட்டார். ஒரே மகன், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைதோறும் திருவண்ணாமலைக்கு வந்துவிடுவான். அந்த வருடம் பங்குனி மாதம் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் அவன் பைக்கை லாரி ஒன்று அடித்துவிட்டது. காரியமெல்லாம் போளூர் பக்கத்தில் அவர்கள் சொந்த ஊரில் நடந்தது. திருவண்ணாமலையில் ஒரு அஞ்சலி சுவரொட்டிகூட ஒட்டப்படவில்லை. காரியம் முடிந்து மேடம் அலுவலகத்துக்கு வந்த அன்று நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் உட்கார்ந்து, நிலுவையில் இருந்த கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னார்.

போன் மகனுடையது. விபத்தின்போது தோள்பையில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. சிம் கார்டை உறவினர் யாரோ எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் பீரோவில் கிடந்ததை வைகாசியில் ஒருநாள் எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறார். திரைப் பூட்டைத் திறக்க விரலால் போடும் கோலம் அவருக்குத் தெரியும். தன் போனிலிருந்து அதற்கு இணைய இணைப்புக் கொடுத்ததும் முதலில் உயிர்பெற்றது அந்த விளையாட்டுதான்.

நானும் கொஞ்ச நாள் அதை விளையாடியவள். நாம் நடக்க நடக்கத் திரையில் விதவிதமான கற்பனைப் பிராணிகள் தோன்றும், பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். கோயில், மண்டபம், சிலை போன்ற இடங்களில் பந்துகள் கிடைக்கும். அதனால் எங்கள் ஊர் கிரிவலப் பாதை அதை விளையாடுகிறவர்களுக்குப் பெரிய வேட்டைக்காடு. பிடித்த பிராணிகளின் பட்டியல் ஒன்று போனில் இருக்கும். பிடித்தது வண்ணத்தில் தெரியும், பிடிக்காதது கறுப்பு நிழலாக நிற்கும். மேடம் காட்டிய பட்டியலில் மகன் எல்லாவற்றையும் பிடித்திருந்தான், ஒன்றைத் தவிர. நீண்ட கால்கள், பின்னால் நீட்டிக்கொண்ட இறக்கைகள், முன்னால் சாய்ந்த தலை. எங்கள் ஊர்ப் பையன்கள் அதை 'விர்ரு' என்பார்கள். தட்டான்பூச்சிக்கும் சில்வண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கண்ணாடி இறக்கை, சிவந்த கண்கள். விளையாட்டிலேயே அதிவேகமான பூச்சி அதுதான். காற்றடிக்கிற நாளில் மட்டும் வரும், இரண்டு பந்து தவறினால் மூன்றாவதற்கு நிற்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் மனம் ஆறட்டும் என்று நினைத்து, "இது யாருக்குமே சுலபத்துல சிக்காது மேடம்" என்றேன்.

அவர் அந்தக் கறுப்பு நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைப் பிடிக்கணும்னா நான் என்ன பண்ணணும்?"

"நடக்கணும் மேடம்."

என் வீடு அடி அண்ணாமலையில். மறுநாள் விடியற்காலையில் மேடம் ஷேர் ஆட்டோவில் எங்கள் தெருமுனையில் வந்து இறங்கினார். அங்கிருந்து வாயு லிங்கம் வழியாகக் குபேர லிங்கம்வரை நடப்போம். பிறகு அவர் டவுனுக்குப் போய்விடுவார், நான் வீட்டுக்குத் திரும்பிச் சமையலைப் பார்ப்பேன். அவர் ஒரு கையில் தன் போனும் இன்னொரு கையில் மகன் போனுமாக நடப்பார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு, கோப்பு படிக்கிற அதே கவனத்தோடு திரையைப் படிப்பார். எதிரில் வருகிற பக்தர்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி போவார்கள். மேடம் மலைப்பக்கம் திரும்பியதே இல்லை. அதை நான் கவனித்தேன், கேட்கவில்லை. வழியில் பேச்சும் கிடையாது. எப்போதாவது, "இவன் வெயில்ல தொப்பி போடமாட்டான்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும். அவ்வளவுதான்.

ஆடிக் காற்றில் விர்ரு இரண்டு முறை தோன்றியது. முதல் தடவை அவர் குறி தவறிப் பந்து பாதையோரம் விழுந்தது. இரண்டாம் தடவை, பந்து அதைத் தொட்டது என்று நான் நினைத்த கணத்தில் அது பக்கவாட்டில் நழுவி, திரையிலிருந்து மறைந்தது. மேடம் அங்கேயே நின்றார். "போவுது விடு. காத்து ஜாஸ்தியாத்தான இருக்கு, திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்த விளையாட்டில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் தினமும் ஒரு பரிசுப் பொட்டலம் அனுப்பலாம். எந்த இடத்தில் அது கிடைத்ததோ அந்த இடத்தின் படம் அதன்மேல் இருக்கும். முந்தைய பொட்டலத்தைத் திறந்தால்தான் அனுப்பியவரால் அடுத்ததை அனுப்ப முடியும். மகனுடைய நண்பர் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது, செவ்வந்திப்பூ. விளையாட்டுக்காக யாரோ வைத்துக்கொண்ட புனைபெயர்தான். அந்தப் பெயரிலிருந்து ஒரு பொட்டலம் திறக்கப்படாமல் கிடந்தது. முதல் நாளே அதைப் பார்த்த நான், உள்ளே பந்துகள் இருக்கும், தினமும் திறந்தால் நல்லது என்று சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்கு ஒன்று அனுப்பும் பொத்தானையும் நானே அழுத்திக் காட்டினேன். மறுநாள் புதிதாக ஒரு பொட்டலம் வந்தது. அதற்கடுத்த நாளும். மழை, வெயில், பண்டிகை என்று ஒருநாள்கூடத் தவறவில்லை. வாரநாட்களில் கீழ்பென்னாத்தூர்க் கோயில் குளம், ஞாயிற்றுக்கிழமைகளில் வாயு லிங்கம். மேடம் காலையில் காப்பி குடிப்பதற்குமுன் அதைத் திறப்பார். "யாரோ இவனை மறக்காம இருக்காங்க" என்று ஒருமுறை சொன்னபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

புரட்டாசியில், அலுவலகத்தில் ஒரு கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தவர் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பேருக்கு இவன் இல்லன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாமலா இருக்கும், நினைவுக்காக அனுப்புகிறார்களாக இருக்கும் என்றேன். அவர் தலையை அசைத்தார். "நாம பதிலுக்கு அனுப்புறோமே. செத்தவன்கிட்டேருந்து பதில் வந்தா யாராவது சும்மா இருப்பாங்களா?"

பொத்தானை அழுத்தியது என் விரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பொட்டலம் அனுப்புகிறவரைத் தேடி வாயு லிங்கத்தருகே நின்றோம். எட்டுப் பத்துப் பேர் போனும் கையுமாக மரத்தடியில் கூடியிருந்தார்கள். அவர்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளி மருந்துக்கடைச் சீருடையான நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நாங்கள் அவளிடம் போகவில்லை, அவள்தான் எங்களிடம் வந்தாள். மேடம் கையிலிருந்த போனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இது அவரு போனாச்சே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"நான் அவனோட அம்மா" என்றார் மேடம்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. கூந்தலைச் சரிசெய்துகொண்டாள், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டாள். பிறகு தலையைக் குனிந்தபடி, "என் மேல என்ன கோவம்னு அவரைக் கேட்டுச் சொல்றீங்களாம்மா? நம்பரை மாத்திட்டாரு. ஒரு வார்த்தை பேசல. ஆனா நான் அனுப்புறத மட்டும் தெனம் தொறக்குறாரு" என்றாள்.

மேடம் அவள் கையைப் பிடித்து, பாதையோரத்துச் சிமெண்டுப் பலகையில் உட்காரவைத்தார். சுற்றி வளைக்கவில்லை. "அவன் இல்லம்மா. பங்குனியிலயே போயிட்டான். ஓசூர்ல, லாரி அடிச்சு. தொறந்ததெல்லாம் நான்தான்."

அவள் அழவில்லை. ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பங்குனியில நான் அனுப்பினது ரெண்டு மாசம் தொறக்காம கெடந்துச்சு. என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து செத்தேன். வைகாசியில ஒருநாள் தொறந்தீங்க. அன்னைக்குக் கோயிலுக்குப் போயி வெளக்கு போட்டேன்."

எழுந்து, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலேயே பெரிய சாலைப்பக்கம் நடந்துபோனாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததால் வந்தது என்று மேடத்திடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைச் சொல்லவிடவில்லை. "நீ காட்டினது ஒருநாள். தெனமும் தொறந்தது நான்" என்றார். அதற்கப்புறம் அவர் நடக்க வரவில்லை. பொட்டலமும் வரவில்லை. அலுவலகத்தில் என் கடிதங்களில் பிழையிருந்தும் கோடு விழாமல் திரும்பி வந்தன. அதுதான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அந்தப் பெண் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். எப்படி இடம் கண்டுபிடித்தாள் என்று தெரியாது. அம்மா இங்கேதான் வேலை பார்க்கிறார் என்று அவன் என்றைக்காவது சொல்லியிருக்கலாம். மேடம் எதிரில் வந்து, "கடைசியா என்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசா சொல்லுங்கம்மா. எனக்குச் சொல்ல வேற யாரும் இல்ல" என்றாள். மேடம் அவளை அழைத்துக்கொண்டு பின்பக்க வேப்பமரத்தடிக்குப் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அங்கே நின்றார்கள். இந்த அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததை, எந்த ஆஸ்பத்திரி, யார் முதலில் பார்த்தது, அவன் கண் திறந்தானா என்பதையெல்லாம், மேடம் அவளுக்குச் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மேடம் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேராக நடந்தோம். அந்தப் பெண்ணிடம் விர்ரு ஏற்கெனவே இருந்தது. அதன் சூட்சுமத்தை அவள் மேடத்துக்குச் சொன்னாள். தோன்றிய உடனே எறியக் கூடாது. அது இடம் வலமாக இரண்டு முறை பாயும், பிறகு ஒரு கணம் நின்று இறக்கையைக் கால்களால் துடைக்கும். அப்போதுதான் எறிய வேண்டும். "அவருக்கு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். பொறுமையே கெடையாது அவருக்கு" என்று அவள் சொன்னபோது, மேடம் முதல்முறையாகச் சிரித்தார். "சோறு ஆறுற வரைக்கும்கூட இருக்கமாட்டான்" என்றார்.

ஐப்பசியில் ஒரு காலை, மழைக்கு முந்தைய காற்று மரங்களைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. வாயு லிங்கம் தாண்டியதும் அது வந்தது. மேடம் எறியவில்லை. அது பாய்ந்தது, திரும்பப் பாய்ந்தது. அது நின்று, மெல்லிய முன்னங்கால்களால் இறக்கையை நீவியபோது மேடத்தின் விரல் நகர்ந்தது. பந்து மூன்று முறை ஆடி அடங்கியது. பட்டியலில் கறுப்பு நிழல் இருந்த இடத்தில் சிவந்த கண்களும் பளபளக்கிற இறக்கைகளுமாக ஒரு பூச்சி நின்றது. பாதையில் தேங்காய் விற்கிறவர், வழியை விட்டு நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நகர்ந்து நின்றோம்.

மழை தூறத் தொடங்கியதும் ஒரு மண்டபத்தில் ஒதுங்கி உட்கார்ந்தோம். நண்பர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவது எப்படி என்று மேடம் என்னிடம் கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"நீ அனுப்பினா நான் தொறப்பேன். நான் தொறந்தா நீ அனுப்புவே. ரெண்டு பேரும் இப்படியே இருந்துடுவோம்மா. எனக்கு வயசாயிடுச்சு, நான் இருந்துடலாம். நீ இருக்கக் கூடாது."

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேடம் அந்தக் கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறுகையால் நான் காட்டிய பொத்தானை அழுத்தினார். செவ்வந்திப்பூ என்ற பெயர் திரையிலிருந்து போயிற்று. மழை விடும்வரை அவள் அழுதாள், மேடம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மேடம் ஓய்வு பெற்றுப் போளூர்ப் பக்கம் தங்கை வீட்டோடு இருக்கிறார். எனக்கும் இப்போது காலையில் நடக்க நேரம் கம்மி. போன மாதம் ஒரு வேலையாகக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் போனபோது, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை முதலில் அடையாளம் தெரியவில்லை. வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் எழுந்து இடம் கொடுத்தபிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது என்றாள். கல்யாணத்துக்கு மேடம் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, அட்சதை போட்டுவிட்டுப் போனாராம். யார் இந்தம்மா என்று அவள் வீட்டில் கேட்டதற்கு, தெரிந்தவங்க என்று சொன்னாளாம். பிறகு, "அன்னைக்கு மேடம் என் பேரை எடுத்தப்போ அவரு ரெண்டாவது வாட்டி போன மாதிரி இருந்துச்சு. அவங்க மேல அவ்வளவு கோவம். ஆனா அன்னைலேருந்துதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்றாள்.

மாலையில் மேடத்துக்குப் போன் செய்து, அவளைப் பார்த்ததையும் ஏழாம் மாதம் என்பதையும் சொன்னேன்.

"பஸ்ல அவளுக்கு உக்கார இடம் கெடச்சுதா?" என்று கேட்டார் மேடம்.

கிடைத்தது என்றேன்.