மூன்று தலைக்கு ஒரு மடி

மலைக்குப் போகிற சாலை தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. காலையில் வாசல் தெளிக்கும்போதே வேன்களில் வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்ப்பேன். ஏறும்போது எல்லாருக்கும் தலை நிறைய முடி இருக்கும். நான் சமையலை முடித்துக் குப்பை கொட்ட வெளியே வரும்போது அதே குடும்பம் மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, டீக்கடையில் குளுகுளுவென்று நின்றுகொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள்மேல் கோபம் இல்லை. என் வீட்டுக்குள் மூன்று தலைகள் இருந்தன.

பெரியவளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு பையன், நாலு வயது, எல்.கே.ஜி. கடைசிப் பெண்ணுக்கு இரண்டு இன்னும் நிறையவில்லை. மூன்று பேருக்கும் பிறந்த முடி, ஒரு தடவைகூடக் கத்தரி படாத முடி. மூன்றிலும் பேன்.

திருத்தணியில், அதுவும் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு மொட்டை அடிக்காமல் வைத்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது நான்தான். என் வீட்டுக்காரர் ஓட்டுவதே மலைக்குப் போகும் ஆட்டோ. ஊரான் பிள்ளைகளையெல்லாம் மொட்டை அடிக்க ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் அவர் பெற்ற மூன்றும் வரிசையாக உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்.

இப்படி ஆனதற்கு ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம்தான். பெரியவளுக்கு ஒரு வயது நிறைந்தபோது மாமனார் தவறிவிட்டார். அந்த வருஷம் நல்ல காரியம் கூடாது என்றார்கள். வருஷம் கழிந்தபோது பையன் என் வயிற்றில் இருந்தான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூத்ததற்கு முடி இறக்கக் கூடாது. அவன் பிறந்து, சரி இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்யலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் மூன்றாவது. கடைசியில் மூன்று பேருக்கும் ஒன்றாக மலையில் முடி இறக்கிவிடுவது என்று முடிவானது. முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான் அடிக்க வேண்டும். மாமன் என்றால் என் தம்பி. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

அவன் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். எங்கள் அப்பா வீடு பொதட்டூர்பேட்டை. வீட்டுக்குள் தறி ஓடுகிற சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் தூங்கி வளர்ந்தோம். எனக்கு அவன்மேல் உயிர். ஆனால் போன் செய்தால் ஒரே பதில்தான் வரும்.

"அடுத்த வெள்ளிக்கிழம வரேன்க்கா."

அடுத்த வெள்ளிக்கிழமை கேக் ஆர்டர் இருக்கும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கூட வேலை செய்கிறவன் ஊருக்குப் போயிருப்பான். பிறகு முதலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கடைசிக் குழந்தையை அவன் நேரில் பார்த்ததே இல்லை. போன் திரையில் அவனைப் பார்த்து அது கையாட்டும். திரை அணைந்ததும் மறந்துபோகும்.

அவன் வராத வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் முடி வளர்ந்துகொண்டிருந்தது. பையனுக்கு இரட்டைச் சடை போட்டு அனுப்பினேன். வேறு என்ன செய்வது, கண்ணில் விழுகிறதே. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிற அம்மாக்கள் கன்னத்தைக் கிள்ளி, "பாப்பா எந்த ஸ்கூல் படிக்குது?" என்பார்கள். அவன், "நான் பாப்பா இல்ல!" என்று கத்தி அவர்கள் காலை உதைப்பான். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவனை அடக்க வேண்டும், மடியில் இருக்கும் சின்னது அதற்குள் அந்த அம்மாவின் பையிலிருந்து எதையாவது எடுத்து வாயில் வைத்துவிடும். அதையும் பிடுங்க வேண்டும்.

காலை நேரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எட்டு மணிக்கு ஸ்கூல் வேன். அதற்குள் மூன்று தலையையும் வாரியாக வேண்டும். பெரியவளுக்குச் சிக்கெடுத்தால் தெருவே கேட்கிறமாதிரி அலறுவாள். அவள் அலறினால் சின்னது அழும். சின்னது அழுதால் பையன் இதுதான் சமயம் என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். ஒரு கையில் பேன் சீப்பு, ஒரு கையில் தோசைக் கரண்டி, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. காப்பி எப்போதும் ஆறிப்போய் ஆடை கட்டித்தான் என் வாய்க்கு வரும். பிள்ளைகள் வரம் என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் ஏழிலிருந்து எட்டு வரைக்கும் என் சமையலறையில் வந்து நின்றுவிட்டு அதைச் சொல்லட்டும்.

வேப்பிலை அரைத்துப் பூசினேன். மெடிக்கலில் மருந்து வாங்கித் தேய்த்தேன். ஒரு தலையைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் மற்ற இரண்டும் அதோடு முட்டிக்கொண்டு விளையாடும். ஒரு சாயங்காலம் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். மூன்றும் தரையில் ரயில் பெட்டிபோல ஒன்றின் பின்னால் ஒன்று உட்கார்ந்திருந்தன. முன்னால் சின்னது. அதன் தலையில் பையன் பேன் பார்த்தான். அவன் தலையில் பெரியவள் பார்த்தாள். மூன்று முகத்திலும் அப்படி ஒரு கவனம். சின்னதுகூட ஆடாமல் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்சும் நிறைந்தது. ஓசைப்படாமல் நின்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, பையன் சின்னதின் தலையில் எடுக்கிற ஒவ்வொரு பேனையும் கையைப் பின்னால் வளைத்து அக்காவின் பாவாடையில் விட்டுக்கொண்டிருந்தான். காலையில் அவள் அவனைக் கிள்ளியதற்குப் பழிவாங்கல். முதுகில் இரண்டு வைத்தேன். நெஞ்சு நிறைந்தது அத்தோடு சரி.

ஒருநாள் பெரியவளின் மிஸ் போன் செய்தார்.

"மேடம், உங்க பொண்ணு தலையில பேன் இருக்கு. மத்த பசங்களோட அம்மாங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க. மலைக்குக் கீழத்தானே வீடு? ஒரு மொட்ட அடிச்சி அனுப்புங்களேன்."

அன்றைக்கு அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். வேனிலிருந்து இறங்கியவள் பையைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்து, "நான் அழுக்காம்மா?" என்று கேட்டாள். பையை நான்தான் கழற்றி எடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "பேனைப் பெருமாளாக்காத. உன் தம்பி வரட்டும். மச்சான் மடி இல்லாம மொட்ட அடிச்சா எங்க ஆளுங்க இன்னா பேசுவாங்க?" என்றார்.

"உங்க ஆளுங்களா தினம் பேன் எடுக்கறாங்க?"

"அதுக்கு நானு இன்னா பண்றது? உன் தம்பியைக் கேளு."

தம்பிக்குப் போன் போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை என்றான். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனதும், யாரையும் பள்ளிக்கு அனுப்பாமல் மூன்றையும் இழுத்துக்கொண்டு கோயில் பஸ்ஸில் மலையேறினேன். முடி இறக்கும் மண்டபத்தில் கூட்டம் அதிகமில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு முடி எடுப்பவர் முன்னால் போய் நின்றேன். வயதான மனிதர். பிளேடை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"மாமன் எங்கம்மா?"

"மாமன் பெங்களூர்ல ரொட்டி சுடறான். நீங்க அடிங்க."

"அடிக்கலாம்மா. யார்னா மடியில புடிச்சிக்கணுமே. கொழந்த துள்ளினா பிளேடு பட்டுடும்."

என் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. விட்டால் பையன் மலை இறங்கி ஓடிவிடுவான். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் ஒருவர் மொட்டை அடித்த ஒரு குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆந்திராவில் புத்தூர்ப் பக்கத்து ஆள், அக்கா பிள்ளைக்கு முடி கொடுக்க வந்தவர். சட்டையெல்லாம் ஈரம், மடியெல்லாம் முடி. குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பெரியவளைப் பார்த்துக் கையை நீட்டி, வா தாயி என்று தெலுங்கில் கூப்பிட்டார்.

"ரா தல்லி. நானும் மேனமாமன்தானே. மடி எப்படியும் நனைஞ்சிகினுதான் இருக்குது."

சிக்கெடுத்தால் அலறுகிற என் பெண் அவர் மடியில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். அவள் முடி கொத்துக் கொத்தாக அந்த மடியில் விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, இந்த இடத்தில் இருக்க வேண்டியவன் எங்கே என்ற ஆத்திரம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. போனை எடுத்துத் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். கடை நேரத்தில் எடுக்காதவன் அன்றைக்கு எடுத்தான். புருவத்தில்கூட மாவு.

"பாரு," என்று போனைத் திருப்பிக் காட்டினேன். "யார் மடின்னு நல்லாப் பாரு."

பெரியவள் எழுந்தாள், பையன் உட்கார்ந்தான். இரட்டைச் சடையும் விழுந்தது. பையன் தன் தலையைத் தானே தடவிப் பார்த்து, "ஐ, வழுவழு!" என்று சிரித்தான். அந்த ஆந்திரக்காரரும் சிரித்தார். சின்னதுகூடத் தானாகவே அவரிடம் தாவியது. அப்போதுதான் போனிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, சின்னதையாவது உட்டு வைக்கா. நான் வரேன்."

"எந்த வெள்ளிக்கிழம?"

"ராத்திரி பஸ்ஸுக்கே வரேன்க்கா." முழங்கையால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டான். "மூணு பேருக்கும் தங்கத்துல கம்மல் போடாம வெறுங்கையோட எப்டிக்கா வர்றது? மாமா வீட்ல உன்னைத்தானே பேசுவாங்க."

இத்தனை வெள்ளிக்கிழமைகளும் இதற்காகத்தானா! எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"கம்மல் யார்றா கேட்டது? உன் மடியத்தானேடா கேட்டேன்!"

சின்னதைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அந்த மனிதருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் இரண்டு மொட்டைகள் அவரைப் பார்த்து, "நைனா, நாங்க யாரு சொல்லு?" என்று குதித்தன. நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "எவனோ ஒருத்தன் மடியிலயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பையன் தலையில் கையை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. மூன்றாவது எப்போது என்றார். தம்பி வருகிறான் என்றேன்.

"ஆங், வருவான்," என்றார்.

வந்தான். விடிந்ததும் கதவைத் தட்டினான். கையில் ஒரு பன் பாக்கெட்டைத் தவிர ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மொட்டைகள் இரண்டும் பன்னைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தன. அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்னதைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். அது அவனை மேலும் கீழும் பார்த்தது. என் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வீல் என்று கத்தியது. முன்பின் தெரியாத புத்தூர்க்காரரிடம் தாவிய பிள்ளை அது.

நீட்டிய கை அப்படியே இருந்தது. "போன்ல பாத்து சிரிக்குமேக்கா," என்றான்.

நல்லா வேணும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எனக்கும் வலித்தது.

வீட்டுக்காரரே எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அழுகை. அதே மண்டபம், அதே பெரியவர். என்னைப் பார்த்ததும், "ரொட்டி மாமன் வந்துட்டாரா?" என்றார். பிடுங்கி எடுத்துத்தான் சின்னதை அவன் மடியில் வைத்தேன். அது அவன் கையைக் கடித்தது, சட்டையைப் பிடித்துப் பிய்த்தது. தண்ணீர் தெளித்ததும் பயத்தில் மடியிலேயே சிறுநீர் கழித்தது. அவன் நகரவில்லை. கன்னத்தை அதன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். காது கொடுத்துக் கேட்டேன். சின்ன வயதில், பவர்கட் ஆகித் தறி நின்றுபோனால் அவன் விழித்துக்கொண்டு அழுவான். அப்போது நான் அவன் காதில் தறி மாதிரியே போடுகிற சத்தம். டக்கு டக்கு, டக்கு டக்கு.

அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. குழந்தை அவன் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. பெரியவர் பிளேடை நெற்றிக்குக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"ஆடாம உக்காரணும்."

"அழுகைய நிறுத்திடுச்சே, ஆடலயே," என்றேன் நான்.

"கொழந்த ஆடலம்மா. மாமன்தான் ஆடறாரு," என்றார்.

தம்பி விம்மலை விழுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.