வெள்ளைச் சீட்டுக்கு ஒரு வேட்புமனு

ஊராட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு. ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய, மாவட்ட உறுப்பினர்களுக்கும் வேறு நிறங்களில் மூன்று. மலைமேல் கொட்டச்சேட்டுக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன ஊரில், போன முறை ஊர்க்கூட்டமே வார்டு உறுப்பினரை முடிவு செய்தது. வேறு யாரும் மனுப் போடாததால் அவர் போட்டியின்றித் தேர்வானார்; வெள்ளைச் சீட்டுக்கு அங்கே வாக்குப்பதிவே இல்லை. ஒற்றுமையான ஊர் என்று பாராட்டி நானே பத்திரிகையில் செய்தி எழுதினேன். வாக்குப்பதிவு அன்று அந்த ஊர்ப் பெண்கள் அநேகமாக யாரும் சாவடிக்கு வரவில்லை. அதை நான் எழுதவில்லை.

காரணத்தை இந்த முறை, காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்த முகம் வார்டு உறுப்பினர் மட்டும்தான். அந்தச் சீட்டே இல்லாதபோது, பார்த்தறியாத மூன்று பேருக்காக யார் மேடேறி நடப்பார்கள்? ஓட்டு விழாத ஊர் என்பதால் ஜெயித்த தலைவரும் எட்டிப் பார்க்கவில்லை. குடிநீர்க் குழாய் பாதியில் நின்றுவிட்டது. ஊர்க்கூட்டம் மறுபடி அதே ஆளைச் சொன்னதும் இவர் மனுத் தாக்கல் செய்தார்.

வாபஸ் பெற மூன்று மணி வரை நேரம். இரண்டு மணிக்கே ஊராட்சி அலுவலக வாசலில் அவருடைய கணவரின் அண்ணன் நான்கைந்து பேருடன் வந்து நின்றார். அங்கே காத்திருந்த அவரிடம், ஊர்ப் பேச்சை மீறலாமா, மனுவை வாபஸ் வாங்கு என்று அரை மணி நேரம் பேசினார்.

"நீ ஜெயிச்சு காப்பிக்கு வெலை ஏத்தப் போறியாக்கு?" என்றார் உடன் வந்தவர்.

"ஜெயிச்சாப் பாக்கலாமுங்க."

பிறகு அந்தப் பெண் கணவரின் அண்ணன் பக்கம் திரும்பினார். "ஊரு சொன்ன ஆளு மேல எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க மாமா. அவரே ஜெயிக்கட்டும். எங்க ஊட்டு வாசலுக்கு வந்து கேட்டுட்டு ஜெயிக்கட்டும்."

மூன்று அடித்தது. அதிகாரி அந்தப் பெண்ணுக்குப் பூட்டு சாவி சின்னம் ஒதுக்கினார்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் சொன்ன வேட்பாளர் முதல்முறையாக வீடுவீடாகப் போனார். தலைவர் பதவிக்கு நின்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். எல்லோரிடமும் பெண்கள் குழாயைப் பற்றியே கேட்டார்கள். வாக்குப்பதிவு அன்று சாவடி திறக்கும் முன்பே அவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

அந்தப் பெண் தோற்றார். எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலை, எஸ்டேட் பாதையில் அவரைப் பார்த்து வருத்தம் தெரிவித்தேன்.

"எதுக்குங்க? எல்லாரும் வந்து போட்டாங்கல்ல," என்றவர், வேலைக்கு நேரமாகிறதென்று நடந்தார்.