கொச்சிக்காய் டீச்சரின் வடதுருவம்

ஜெயகௌரிக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் கொச்சிக்காய் டீச்சர். கொச்சிக்காய் என்றால் மிளகாய்; சும்மா வைக்கவில்லை. மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, தமிழ்நாட்டில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். சண்டை ஓய்ந்து சொந்த ஊரான இலுப்பைக்கடவைக்குத் திரும்பியபோது, "அந்தப் பட்டம் இஞ்சை செல்லுமோ எண்டு பாக்கவேணும், பொறுங்கோ" என்றார்கள் அதிகாரிகள். பொறுத்தாள். சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக வைத்தார்கள். வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கேட்டாள். அதற்கும் பொறுங்கோ! அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் வடதுருவக் கடலின் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். தெரிவானால் மாகாணப் போட்டிக்கு யாழ்ப்பாணம் போகலாம். முருங்கன் ஊருக்கு அப்பால் எதையும் பார்க்காத பிள்ளைகள். அவர்களுக்கு அந்தப் பயணம்தான் கனவு முழுக்க.

கறுப்புப் பூசிய பெரிய தட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீர். பக்கத்தில் காற்றடிக்க ஃபான். மீன் வியாபாரி சந்தியோகு தன் பெட்டியிலிருந்து ஒரேயொரு ஐஸ் பாளம் தந்தார். நடுவர்கள் "கிட்ட வந்திட்டம்" என்று போனில் சொன்னதும் அதை மிதக்கவிட்டார்கள்.

நடுவர்களுக்கு விளக்க வேண்டியதை மாணவி யதுர்சிகா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பனி வெயிலாலை மட்டும் கரையிறேல்லை. மேலை காத்து உடைச்சுத் தள்ளுது. போன வருசமும் பெரிய புயல் ஒண்டு அடிச்சு நொறுக்கினது. கீழை சூடான கடல்தண்ணி அரிக்குது. பனி விலகின இடத்திலை இருண்ட தண்ணி வெயிலைக் குடிச்சு இன்னும் சூடாகி, மிச்சத்தையும் தின்னுது."

"மேலையும் அடி, கீழையும் அடி எண்டு சொல்லடி! எங்கடை கதை மாதிரி" என்றாள் ஜெயகௌரி.

நடுவர்களைக் காணோம். வழியில் யாரோ பிரமுகர் வீடு கையளிக்கிறாராம், றிபன் வெட்டுகிறாராம், இவர்களும் இறங்கி நின்று கைதட்டுகிறார்களாம். பாழாய்ப்போன றிபன்! பிள்ளைகள் ஓடிப்போய் ஃபானை நிறுத்தினார்கள். கீழே இருந்த சூடு நிற்குமா? அது தன்பாட்டில் அரித்தது. கையளவாகி, விரலளவாகி, பனி இல்லாமலே போனது.

நடுவர்கள் மத்தியானச் சாப்பாடும் முடித்து, வாய் துடைத்தபடி வந்தார்கள். அவர்களில் பெரியவர் தட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இதிலை ஒண்டுமில்லையே?"

"முதல் இருந்தது சேர்..." யதுர்சிகா தண்ணீரைக் காட்டினாள்.

"இல்லாததுக்கு எப்பிடிப் பிள்ளை புள்ளி போடுறது?" அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குத் திரும்பினார். "அடுத்த வருசம் பாப்பம். பொறுங்கோ."

யதுர்சிகா அழத் தொடங்கினாள். ஜெயகௌரி தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"எல்லாம் கரைஞ்சு முடிஞ்சாப் பிறகு வந்து நிண்டு, பொறுங்கோ எண்டுறியளோ!"

தண்ணீர் முழுவதும் அவருடைய சப்பாத்துக்குள் இறங்கியது. மனிதர் ஒற்றைக் காலில் துள்ளினார்.

"ஐயோ! துணி ஒண்டு கொண்டுவாங்கோ, கெதியா!"

ஜெயகௌரி வெறுந்தட்டை மேசையில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, அவசரமில்லாமல் ஆறுதலாக உட்கார்ந்தாள்.

"பொறுங்கோ சேர்" என்றாள்.