டாக்டர் சொன்னதில் பாதி

தையற்காரர் என் இடுப்பை அளந்துகொண்டிருந்தார். மகள் எதிரே நிற்கிறாளே என்று மூச்சை இழுத்துத் தொப்பையை ஒளித்து வைத்திருந்தேன். எங்கள் ரப்பர்த் தோட்டத்து லோரி ஓட்டுநர் கோலசிலாங்கூர் கடைத்தெருவெல்லாம் தேடி வந்து, "தனலெட்சுமி அக்கா போயிட்டாங்கண்ணே" என்றார். இழுத்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது; அளவுநாடா நழுவியது. அப்போதும் முதலில் வெட்கம்தான் வந்தது. என் கோளாறே அதுதான்.

தனலெட்சுமி அவர்கள் என் உடன்பிறந்த அக்கா. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபது வருடம் வேலை. பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விட்டுச் செல்லும் குழந்தைகள் அவர் மடியில்தான் தூங்கின. பருத்த உடம்பு. "நா செத்தா எட்டுப் பேரு தூக்கணும்டா. ஒன்னய நம்ப முடியாதுலா, நீயே ஒரு மூட்ட" என்பார்.

எண்பத்தாறாம் ஆண்டில், நின்று ஐந்தாண்டு ஆன தீட்டு அவருக்குத் திரும்பியது. "எளம திரும்பிருச்சு" என்று லயத்துப் பெண்கள் சிரித்தார்களாம். இதை என் மனைவிதான் சொன்னாள், அதுவும் சுவரைப் பார்த்தபடி. மூன்றாம் படிவம் வரை படித்தவன் என்று, கிளினிக்கில் மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

சீன டாக்டர் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். கொழுப்பு சும்மா சேர்ந்து கிடக்கும் சரக்கு அல்ல. மாதவிலக்கு நின்ற பிறகும் அதிலிருந்து பெண் ஹார்மோன் ஊறும். அதை அடக்கும் இன்னொரு ஹார்மோன் இல்லாததால், அது கருப்பையின் உட்சுவரைத் தூண்டிக்கொண்டே இருக்கும். புற்றுநோய் ஆபத்து கூடும். பருத்தவர் எல்லாருக்கும் வராது. ஆனால் நின்ற பிறகு உதிரம் கண்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும். கடிதமும் தந்தார்.

"என்னடா சொல்றாரு?" என்றார் அக்கா.

கூடப்பிறந்த அக்காவிடம் கருப்பை என்று எப்படிச் சொல்வது? "ஒடம்பக் கொறைக்கணுமாம்க்கா. சோத்தக் கொறைச்சுக்க."

"அவ்ளோதானா? இதுக்கா பஸ்சேறி வந்தோம்?"

நாளை சொல்லலாம் என்றிருந்தேன். நாளாக ஆக, 'ஏன் அன்னைக்கே சொல்லல' என்ற கேள்வியும் சேர்ந்து வாயை அடைத்தது. ஞாயிறுதோறும், "அரைத்தட்டுதான் திங்கறேன், எளைச்சிருக்கேனா பாரு" என்று திரும்பித் திரும்பிக் காட்டுவார். நானும் சிரிப்பேன். கடிதம் மட்டும் சட்டைக்குச் சட்டை மாறியது.

எட்டு மாதம் கழித்து, தோட்டத்து மருந்தகத்தில் மயங்கி விழுந்தவரை ஆம்புலன்சில் அனுப்பினார்கள். பரவிவிட்டதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, அந்தச் சீன டாக்டரு அப்பவே வேற ஏதும் சொன்னாராடா?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

நேற்று நான்கு பேர்தான் தூக்கினோம். பாரமே தெரியவில்லை. ஆயாக் கொட்டகை வாசலில் பெட்டியை இறக்கினோம். உள்ளே குழந்தைகள் தூங்கும் ஏணைகள் ஆடிக்கொண்டிருந்தன. "ரெண்டு வார்த்த பேசுங்கண்ணே" என்றார்கள். அவர் மடியைப் பற்றிப் பேசினேன். மூட்டை என்று என்னைக் கேலி செய்ததைச் சொன்னேன், அழுதவர்கள் சிரித்தார்கள். போயிட்டு வாக்கா என்றேன்.

அவர் கேட்டதற்குப் பதிலை மட்டும் சொல்லவில்லை.

சொன்னாருக்கா.