வெள்ளாயணியில் இரண்டு தடவை எண்ணிய கணக்கு

மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெள்ளாயணிக் காயலின் கரையில் நான் முதலில் பார்த்தது சங்கரனின் முதுகை. கோரைப்புல்லுக்கு அப்பால், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, பின்கழுத்தில் பைனாகுலரின் தோல்வார், இரண்டு கைகளும் கண்ணருகே. பறவைக் கணக்கு எடுக்கும் எங்கள் வேலையில் முதலில் எழுதவேண்டியது நேரம் என்பதால் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆகவே நேரத்தில் தவறு இல்லை.

பேய், ஆவி, அருள்வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பதினோரு வருஷம் ஒரு பத்திரிகையில் துணையாசிரியனாக இருந்தேன், அந்த மாதிரிக் கடிதங்கள் வந்தால் முதல் பாராவைத் தாண்டிப் படித்ததில்லை. நீங்களும் இதை இங்கேயே நிறுத்திவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

சங்கரன் கரமனை அக்கிரகாரத்துக்காரர், காட்டிலாகாவில் அதிகாரி. நான் ஆரியசாலையில் மளிகை மொத்தக்கடை வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். பறவைப் பைத்தியம் முற்றிப் பத்திரிகையை விட்டு அதே இலாகாவில் சேர்ந்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. நாடு முழுவதற்கும் பறவை, விலங்குப் பாதுகாப்புக்கு ஒரு திட்டம் தொடங்கப்போவதாகவும், அதை நடத்த ஒரு தலைவர் வேண்டுமென்றும் டில்லியிலிருந்து கேட்டிருந்தார்கள். எங்கள் ராஜ்யத்திலிருந்து போனவை இரண்டே பெயர்கள். ஒன்று சங்கரனுடையது. மற்றது என்னுடையது.

வெள்ளாயணியில் பறவை சுடவரும் துப்பாக்கிக்காரர்களைத் தடைசெய்யவேண்டும் என்று சங்கரன் அனுப்பிய அறிக்கை டில்லியில் பேசப்பட்டது. அந்த அறிக்கையின் இங்கிலீஷ் முழுக்க நான் எழுதியது. வாக்கியம் என்னுடையது, பெயர் அவருடையது. அந்த வாரம் சாலைக்கடைத் தெருவில் ஒரு தையற்காரனிடம் அவர் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். திருவனந்தபுரத்தில் யாருக்குக் கம்பளிக் கோட்டு வேண்டும்? டில்லிக் குளிருக்குத்தான். பொறாமை என்பதற்கு வேறு சொல் தேட நான் விரும்பவில்லை.

மறுநாள் காலை டில்லி அதிகாரி ஒருவர் வந்து காயலில் தாமே பறவைகளை எண்ணிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின மாலை நாங்கள் இருவரும் எடுக்கும் கணக்கோடு அவர் தம் கணக்கை ஒத்துப் பார்ப்பார். பொருந்தினால் சங்கரனுக்கு வேலை நிச்சயம்.

கணக்கு எடுக்கும் முறை இதுதான். ஒருவர் தண்ணீரைப் பார்த்து நின்று பைனாகுலரில் எண்ணிச் சத்தமாகச் சொல்வார். மற்றவர் பின்னால் உட்கார்ந்து, தலை தூக்காமல் எழுதுவார். எழுதுகிறவன் பறவையைப் பார்த்தால் எண் குழம்பும் என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். தாளுக்குப் பொறுப்பு எண்ணியவர். சங்கரன் எப்போதும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். என் திட்டம் அதை நம்பியிருந்தது.

எனக்கு முன்பே வந்துவிட்டாரே என்று நினைத்தபடி வரப்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். "ஆரம்பிக்கலாமா, சாமி?" என்றேன். திரும்பவில்லை. எண்ணத் தொடங்கினார்.

"நீர்க்காகம் பன்னெண்டு. முக்குளிப்பான் ஏழு."

அவர் குரல்தான். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அதுவும் இருந்தது. இரண்டையும் சரியாக எழுதினேன்.

"கிளுவை நாப்பது."

தொண்ணூறு என்று எழுதினேன். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிப் பெயர் வாங்கப் பார்த்த ஆள் என்று மறுநாள் காலை டில்லிக்காரர் முடிவு கட்டுவதற்கு அது ஒன்று போதும்.

தாளிலிருந்து பென்சிலை எடுக்கவில்லை, அதற்குள் அந்தக் குரல் அதே மட்டத்தில், அவசரமில்லாமல், "நாப்பதுதான், பிள்ளே. தொண்ணூறு இல்லை" என்றது.

தலை நிமிர்ந்தேன். அதே முதுகு. அசையவே இல்லை. எங்களுக்கு நடுவே இருபதடி தூரமும் இடுப்புயரக் கோரையும் இருந்தன. நம்பினால் நம்புங்கள், அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது பயமல்ல, மனிதர் பார்த்துவிட்டாரே என்ற எரிச்சல்தான், எப்படிப் பார்த்தார் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. திருத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குரல் தொடர்ந்தது. நாமக்கோழி முப்பத்தொன்று, நீலக்கோழி ஒன்பது. இவற்றைச் சொன்னபடியே எழுதினேன்.

அப்போது எனக்குப் பின்னால் ரோட்டில் சைக்கிள் மணி அடித்தது.

"ஓய் பிள்ளே, மன்னிக்கணும். பாப்பனங்கோட்டிலே டயர் பஞ்சர். ஒட்டறவன் சாயா குடிக்கப் போயிருந்தான். ஒரு மணிக்கூர் காத்திருந்தேன் கேட்டீரா."

சங்கரன் சைக்கிளை வரப்பில் சாய்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. உள்ளங்கையில் கிரீஸ்.

காயலைப் பார்த்தேன். ஆள் நின்ற இடத்தில் ஆம்பல் இலைமேல் ஒரு இலைக்கோழி நடந்துகொண்டிருந்தது. மனிதன் பத்தடி நெருங்கினாலே பறந்துவிடும் பறவை அது.

"என்ன ஓய், ஆரம்பிச்சாச்சா?"

"இல்லை சாமி. இப்பத்தான் வந்தேன்."

எழுதிய தாளைப் புரட்டி அடுத்ததை எடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அதே கோரைக்கு அப்பால், அதே இடத்துக்குப் போனார். இலைக்கோழி பறந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"நீர்க்காகம் பன்னெண்டு. முக்குளிப்பான் ஏழு."

கிளுவைக்கு வந்தார். நாற்பது என்றார். நான் எழுதாமல் காத்திருந்தேன். மேற்கொண்டு அவர் எதுவும் சொல்லவில்லை. நாற்பது என்று எழுதினேன். நாமக்கோழி முப்பத்தொன்று, நீலக்கோழி ஒன்பது. அதே வரிசை, அதே எண்கள்.

முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்தவர் என் கையைப் பார்த்தார். "பத்திரிகைக்காரன் கையாச்சே, பொய் எழுதறப்போ நடுங்காது. சரியா எழுதினாத்தான் நடுங்கும் போல" என்று சிரித்தார். வழக்கமாக என்னைச் சீண்டும் பேச்சுதான். வேறு எதுவும் தெரிந்து சொன்னதாக அவர் முகத்தில் இல்லை. முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை டில்லி அதிகாரியின் கணக்கும் எங்கள் கணக்கும் பொருந்தின. அவர் சங்கரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பழைய பத்திரிகை வழக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். பாப்பனங்கோட்டுக்குப் போய்ச் சைக்கிள் கடைக்காரரை விசாரித்தேன். "காக்கிச் சட்டை சாமியா? மூணேகால் தொட்டு நாலேகால் வரைக்கும் இவிடெ, கடையிலேதான் இருந்தாரே. பெஞ்சிலே உட்கார்ந்து உறங்கிப்போயி, நானாக்கும் தட்டி எழுப்பினது" என்றார்.

பிறகு முதல் தாளைக் கிழிக்க நோட்டை எடுத்தேன். எங்கள் நோட்டில் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் கார்பன் வைத்து ஒரு நகல் இருக்கும். மேல்தாளில் கிளுவைக்கு நேரே என் எழுத்தில் தொண்ணூறு. அடியில் இருந்த நகலில், அதுவும் என் எழுத்துத்தான், நாற்பது. வெளிச்சத்தில் பிடித்தும், தாளின் பின்புறத்தில் விரலால் தடவியும் பார்த்தேன். இரண்டையும் எரித்துவிட்டேன். ஆகவே உங்களிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை, சங்கரனிடமும்கூட.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கம்பளிக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அவர் தம்பானூரில் ரயில் ஏறினார். "எழுத ஆளில்லாம கஷ்டப்படப்போறேன், ஓய்" என்றார். அவரை வழியனுப்ப வந்தவர்களில் மாலை வாங்கிவராதவன் நான் ஒருவன்தான். நாடு முழுவதும் பறவைகளை யார், எங்கே, எப்படிக் காப்பது என்பதை அதன்பின் அவர்தான் முடிவு செய்தார். அந்த நாற்காலியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திட்டத்தின் முதல் சுற்றறிக்கை எல்லா ராஜ்யங்களுக்கும் போனது போல எங்கள் ஆபீசுக்கும் வந்தது. நான்கு பக்கம், கீழே சங்கரனின் கையெழுத்து. கணக்கு எடுப்பதற்கு அதில் ஒரே ஒரு புதிய விதி இருந்தது. எழுதுகிறவர் முதல் எண்ணை எழுதுவதற்கு முன் எண்ணுகிறவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.