பதினேழான் விழுந்த கிழமை

ஆக்லாந்தில் எங்களுக்கு எல்லாமே பிந்தித்தான் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்துக் கடிதம் ஒன்றரை மாதம் பிந்தும். லண்டன் மாமி அனுப்பும் தமிழ்ப் பத்திரிகை இரண்டு மாதம் பிந்தும். அமெரிக்கக் கால்பந்து மட்டும் ஐந்தே நாளில் வந்துவிடும். எங்கள் வீட்டுக்குச் சுடச்சுட வந்த ஒரே செய்தி அதுதான்.

அந்தப் பைத்தியம் சித்தப்பாவினுடையது. அப்பாவின் தம்பியான அவர் எண்பத்துநான்கில் தனியாக வந்து, மனுரேவாவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். சித்தியும், நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த மூன்று வயதுத் தங்கச்சியும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். கிழமை முழுதும் ஈஸ்ட் டாமாக்கிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தேநீரோடு டிவிக்கு முன்னால் கம்பளத்தில் சப்பணம் கட்டுவார். போன திங்கட்கிழமை முடிந்துபோன ஆட்டத்தை ஒரு மணித்தியாலம் வெட்டிக் காட்டுவார்கள். வர்ணனையாளரின் ஆங்கிலம் வீட்டில் எனக்கு மட்டுமே பிடிபட்டதால் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மாவுக்கு அந்த விளையாட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. "ரெண்டு அடி ஓடுறான்கள், பிறகு பத்து நிமிசம் கூடிநிண்டு கதைக்கிறான்கள். எங்கட ஆக்களின்ர கூட்டம் மாதிரியெல்லோ கிடக்கு!"

சித்தப்பா பார்த்தது ஆட்டத்தையல்ல, ஓர் ஆளை. பந்தைப் பின்னால் வாங்கி, தூரத்தில் ஓடுகிறவனின் கைக்கு எறிகிறவனை குவாட்டர்பேக் என்பார்கள். ஐந்தாறு தடியன்கள் அவனை மிதிக்க ஓடிவருவார்கள். மூன்று எண்ணுவதற்குள் அவன் பார்த்து எறிய வேண்டும். சித்தப்பாவின் ஆளுக்குப் பதினேழாம் நம்பர். அவன் பெயர் அவர் வாயில் ஒருநாளும் ஒழுங்காக வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அவன் பதினேழான்.

பதினேழான் எங்கோ ஒரு சின்ன ஊர்க்காரன். ஆட்களைத் தெரிவு செய்தபோது கடைசிக்குக் கிட்டத்தான் அவனை எடுத்தார்களாம். ஆறு வருடம் மண் படாத சட்டையோடு மைதான ஓரத்து வாங்கிலேயே குந்தியிருந்தான். "அவனும் எங்களை மாதிரி வரிசையில நிக்கிறவன்தான் பிள்ளை" என்பார் சித்தப்பா. எண்பத்தாறில் வழக்கமாக எறிகிற முதல் ஆளுக்குத் தோள்மூட்டு விலக, பதினேழானை இறக்கினார்கள். வென்றான். அதே கிழமைதான் குடிவரவுக் கந்தோரிலிருந்து, சித்திக்கும் தங்கச்சிக்கும் மருத்துவச் சோதனை செய்து அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "இவன் இறங்கிட்டான். இனி அவையளும் வந்து இறங்குவினம்."

அதன்பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. பதினேழான் வென்றால் அந்தக் கிழமை நல்ல கிழமை. ஐந்து ஆட்டம் தொடர்ந்து வென்றான். சித்தப்பா கடையில் ஒரு சின்னச் சிவப்புச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து, "அளவு சரியா வருமோ?" என்று என் கால் பெருவிரலில் கொளுவிப் பார்த்தார்.

பின்னேரப் பத்திரிகையைப் படலையில் எடுத்து, அப்பாவுக்காக ஊர்ச் செய்தி தேடி வைப்பது என் வேலை. இருந்தால் நாலு வரி இருக்கும். ஷெல் விழுந்தது, இத்தனை பேர் இறந்தார்கள். "பேர் போடமாட்டான்கள். மாடு எண்ணுற மாதிரி எண்ணிப்போட்டு விட்டிடுவான்கள்" என்று சித்தப்பா பொருமுவார். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் சனிக்கிழமை வரை அவர் கண்ணில் காட்டக்கூடாது. வாய் திறந்தால் தோலை உரிப்பேன் என்று எனக்குச் சட்டம் போட்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் யாழ்ப்பாணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகு விளையாட்டுப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பினேன். மூலையில் பொடி எழுத்தில் பதினேழானின் பெயர் இருந்தது. முழங்கால் முறிந்துவிட்டது, இனி விளையாட மாட்டான். முழங்காலோடு சேர்ந்து சித்தியின் விசாவும் முறிந்துவிட்டதென்றே நம்பினேன். பக்கத்தைக் கிழித்து மெத்தைக்கடியில் ஒளித்தேன்.

அந்தக் கிழமை வீட்டில் வேறு மாற்றங்களும் நடந்தன, நான் என் களவிலேயே மூழ்கியிருந்ததால் அவற்றைப் பெரிதாக எடுக்கவில்லை. அம்மாவின் கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்றா. பின்னேரம் சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு எரியவில்லை, திரி முடிந்துவிட்டது என்றா. டெய்ரி என்கிற மூலைக்கடையில் பஞ்சு வாங்கி வரவா என்று கேட்டதற்கு, "உன்ர வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தா. புதன்கிழமை மீன் இல்லை. வியாழன், வெள்ளியும் பருப்பும் கத்தரிக்காயும்தான். மீன் இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைக்கிற சித்தப்பா, குனிந்த தலையோடு சாப்பிட்டார்.

சனிக்கிழமை வந்தது. அப்பா அறைக்குள் வருவதும் போவதுமாக இருந்தார். அம்மாவிடம் மெல்ல, "ஆட்டம் முடியட்டும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

மூன்று மணிக்குச் சித்தப்பா வழக்கம்போல உட்கார்ந்தார். பதினேழான் ஓடிவந்தபோது வழக்கம்போலக் கை தட்டினார். "நில்லடா, நிண்டு பார், அவசரப்படாதை!" என்று கத்தினார். முடிந்துபோன ஆட்டத்துக்கு இந்த மனிதர் இப்படி மன்றாடுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. பிறகு இருவர் அவன் மேல் விழுந்தார்கள். முழங்கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. அதை மெதுவாக மூன்று தரம் காட்டினார்கள்.

சித்தப்பா எழுந்து டிவியை நிறுத்தினார்.

"உனக்கு முந்தியே தெரியுமோ?"

"ஓம் சித்தப்பா."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை."

"செவ்வாய்க்கிழமை" என்று திருப்பிச் சொன்னார். "ஓம். எனக்கும் செவ்வாய்க்கிழமைதான் தெரியும்."

தெரிந்துகொண்டா கை தட்டினார்? எனக்கு விளங்கவில்லை. அவர் குசினி வாசலில் போய் நின்றார். அம்மாவை அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சாள், விளக்குக் கொளுத்தி நாலு நாளாச்சு. ரெண்டு பேருமோ?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. பின்னால் நின்ற அப்பாதான், "ஓமடா தம்பி" என்றார்.

இழவு விழுந்த குடும்பத்தில் துடக்கு முடியும்வரை சாமி விளக்குக் கொளுத்துவதில்லை, மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. மனுரேவாவில் வளர்ந்த எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? செவ்வாய் காலை லண்டன் மாமி தொலைபேசியில் சொன்னதை அம்மாவால் நாலு நாள் மறைக்க முடிந்தது. துடக்கோடு விளக்குக் கொளுத்த மட்டும் முடியவில்லை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்வரை சித்தியும் தங்கச்சியும் உயிரோடு இருக்கட்டும் என்று சித்தப்பா பருப்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். இது எல்லாம் எனக்கு விளங்க எத்தனையோ வருடம் ஆனது.

அன்றைக்கு நான் கண்டது, வளர்ந்த ஒரு மனிதர் குசினி நிலத்தில் விழுந்து தலையில் அடித்துக் குளறியதைத்தான். ஒரு முழங்காலுக்காக இப்படியும் அழுவார்களா? எல்லாம் நான் மறைத்ததால் வந்த வினை என்று பயந்து, மெத்தைக்கடியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். அம்மா என்னைத் தடுக்கப் பார்த்தா. சித்தப்பா வாங்கிக்கொண்டார். கண்ணீரில் அவருக்கு எழுத்துத் தெரியவில்லை.

"இதில அவன்ர பேர் போட்டிருக்கோ பிள்ளை?"

"ஓம் சித்தப்பா. முழுப் பேரும் போட்டிருக்கு."

நான் காட்டிய இடத்தை விரலால் தடவினார்.

"அவனுக்கெண்டாலும் போட்டிருக்கிறான்கள்" என்றார்.

என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன்.