வைட்டிலாவில் குளிராத வண்டி

என் கணவருக்கு நரம்பில் ஒரு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. உடம்பு குளிர்ந்தால் மறுபடி கேட்கும். அதனால் எங்கள் வீட்டில் கார் ஏசி என்பது சொகுசு சமாச்சாரம் இல்லை. அவர் நடப்பதும் நடக்காததும் அதன் கையில் இருந்தது.

வண்டி பழைய டீசல் வண்டி. அவர் கார்ப்பரேஷன் லாரி ஓட்டிய காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது ஓட்டுவது நான். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வண்டி அவருடையது. லாரிக்காலத்துப் பழக்கம், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறப்பார், ஆயில் பார்ப்பார், குங்குமம் வைப்பார், தொடுத்த பூவில் ஒரு முழத்தை ரேடியேட்டர் தலையில் சாத்துவார். அந்த வண்டிக்கு அவரால் செய்ய முடிகிற வேலை அது ஒன்றுதான்.

மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் களமசேரி ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு முறை நடைப்பயிற்சிக்குப் போகிறோம். கோடை தொடங்கியதும் வண்டி வேலையைக் காட்டியது. தோப்பும்படி பாலம் தாண்டும்வரை நன்றாகக் குளிரும். வைட்டிலா சிக்னலில் நின்றதும் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஊதும். வைட்டிலாவில் நிற்பது என்றால் நிற்பதா, குடியிருப்பதல்லவா! களமசேரி சேரும்போது அவர் கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். ஆஸ்பத்திரி ஊழியர் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்வார். இந்தக் காலை வைத்துப் பயிற்சி செய்ய முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயிற்சி இப்படி விட்டுப்போனால் நாற்காலியே நிரந்தரமாகிவிடும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அந்தப் பொறுமையே எனக்குப் பொறுக்கவில்லை.

இடக்கொச்சி ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஏசிக்குக் கேஸ் நிரப்பினார்கள். பலன் இல்லை. இரண்டாவது முறை போனபோது மெக்கானிக் சேட்டன் பானெட்டை முழுதாகக்கூடத் திறக்கவில்லை.

"கம்ப்ரசர் போயி, சேச்சி. இத கொடுத்துட்டு வேற வண்டி நோக்குங்க."

நான் சுக்குக் கிடங்கில் தரம் பார்க்கிறவள். ஒரு மூட்டை நாறினால் எந்த மூட்டை என்று கையை விட்டுப் பார்ப்போம். கிடங்கையே விற்றுவிட மாட்டோம். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன், நாறுகிற மூட்டையைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்று. அவர் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், சீமைப்பலா நிழலில் அவருக்கு நாற்காலி போட்டேன். லாரிக்கு ஏசி கிடையாது என்றாலும் எஞ்சின் சத்தம் அவருக்கு அத்துப்படி. வண்டியை நிறுத்தியபடியே ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கம்ப்ரசர் பிடிக்கிறது, ஓடுகிறது என்றார். நிற்கும்போது டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதுதான் காரணமென்றால், ஆக்சிலேட்டரை மிதித்தால் குளிர வேண்டும். மிதித்தேன். சத்தம்தான் வந்தது, குளிர் வரவில்லை.

அடுத்து, ஏசி தன் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். அது வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால், சன்னமான தகடுகளோடு இருக்கும். முன்பக்கத்திலிருந்து மக் மக்காக ஊற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் முகத்தில் குளிர்ந்த காற்று. கம்ப்ரசர் சாகவில்லை! சூடு வெளியே போகாததுதான் சங்கதி. அந்தக் குளிரில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம் போலிருந்தது. இடக்கொச்சிவரை போய் அந்தச் சேட்டனைக் கூட்டிவந்து உட்காரவைக்கவும் ஆசையாக இருந்தது.

விசிறி சுற்றவில்லையோ என்று பார்த்தால் நன்றாகவே சுற்றியது. அவர் யோசித்துவிட்டு, பழைய பேப்பர் ஒன்றை முன் கிரில்லில் வைக்கச் சொன்னார். உள்ளே விசிறி இழுத்தால் பேப்பர் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

"ஓடறப்ப எதிர்க்காத்து சமாளிக்குது, நின்னா காத்து போகலே. நடுவுல என்னமோ அடைச்சிருக்கு" என்றார்.

எஞ்சினை அணைத்துச் சூடு ஆறவிட்டு, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரலிடைச் சந்தில் கம்பியை விட்டேன். அவர் எழுந்து வந்து ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டார்ச் அடித்தார். கை நடுக்கத்தில் வெளிச்சம் ஆடியது. கம்பி நுனியில் கறுப்பாக, ஆயிலும் தூசியும் சேர்ந்து பாய் மாதிரி ஒன்று மாட்டியது. இழுத்தேன். அதோடு ஒரு நாரும் வந்தது. பூத் தொடுக்கும் வாழைநார். அதில் காய்ந்த செவ்வந்தி ஒன்று இன்னும் முடிச்சோடு இருந்தது.

எத்தனை வெள்ளிக்கிழமைப் பூ! வாடியதும் வண்டி அதிர்வில் ஒவ்வொன்றாகச் சந்துக்குள் இறங்கி, பழைய டீசல் எஞ்சின் கக்கிய ஆயிலில் ஒட்டிப் படிந்திருக்கிறது. பாதி உயரத்துக்கு அடைத்திருந்தது.

டார்ச் அணைந்தது.

"நான்தான் கேடாக்கினது" என்றார். "இனி பூ வேண்டா."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. லாரியையும் நடையையும் பிடுங்கிக்கொண்ட அந்த நோய் இப்போது வெள்ளிக்கிழமையையும் கேட்கிறதே என்றுதான்.

"பூ வெக்காம இந்த வண்டி ரோட்டுல எறங்காது" என்றேன். "எடத்த மாத்திக்கலாம். நீங்க லைட்ட அடிங்க."

டார்ச் மறுபடி எரிந்தது. தகடு மடங்காமல் கம்பியால் கிளறி, ரேடியேட்டர் பக்கமிருந்து தண்ணீரை மெல்லப் பாய்ச்சி, இலைச்சருகும் இதழுமாக வாளி நிறைய அள்ளினோம். நடுவில் அவர் களைத்து உட்கார்ந்தபோது நானும் உட்கார்ந்து சாயா குடித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் பேப்பரை மறுபடி வைத்தேன். படக்கென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை களமசேரிக்குப் போகவேண்டிய நாள். பானெட்டைத் திறந்து ஆயில் பார்த்தார், குங்குமம் வைத்தார், பூவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று என்னைப் பார்த்தார். முன்கதவைத் திறந்து ஏசி காற்று வரும் இடத்தைக் காட்டினேன். நடுங்கும் விரலால் நாரை இரண்டு சுற்றுச் சுற்றி அங்கே முடிச்சுப் போட்டார். ரொம்ப நேரம் பிடித்தது. நான் உதவவில்லை.

வைட்டிலாவில் வழக்கம்போல் நின்றோம். முன்னால் பஸ், பக்கத்தில் பஸ், வெயில் கண்ணாடியைச் சுட்டது. எங்கள் பூ மட்டும் குளிர்ந்த காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சிக்னலைப் பார்க்கவில்லை, பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

களமசேரியில் எங்கள் வண்டியைக் கண்டதும் ஊழியர் வழக்கம்போல் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் கணவர் கதவைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். என் தோளைப் பிடித்து எழுந்தார். உட்காரச் சொன்ன ஊழியரிடம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஊழியருக்கு நம்பிக்கை வரவில்லை போலும். பயிற்சி அறை வாசல்வரை வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார்.